ஏழாவது வரி என்னுடையது அல்ல

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவம் சுற்றியது. ஜொகூர் ஊராட்சி மன்றங்களின் கட்டடப் பிரிவுகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் எல்லாரும் சேர்ந்தாலும் ஒரு வேனில் அடங்கிவிடுவோம். அதனால் குழுவில் எதைப் போட்டாலும் உடனே எல்லார் கண்ணிலும் பட்டுவிடும். பழைய கட்டடங்களை இடிக்கும்போது தற்காலிகமாக நிறுத்தச் சொல்லும் உத்தரவுப் படிவம் அது. அதன் ஏழாவது வரியைச் சிவப்பில் வட்டமிட்டு, புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "இந்த வரி மட்டும் இல்லைன்னா நேத்து என் கேஸ் கெட்டிருக்கும். யார் எழுதினது?"

படிவத்தின் அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. அவ்வளவுதான், கைதட்டல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. "தினேஸ் அண்ணன்னா சும்மாவா?" என்று ஒருவர். "அண்ணே, அனுபவத்தை எங்களுக்கும் எழுதிக் கொடுங்க லா" என்று இன்னொருவர். நான் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. அந்தக் கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் நான் பாசிர் கூடாங்கில் வேறு வேலைக்குப் போகிறேன். முப்பத்து நாலு வயதில் பணி அனுபவம் எழுத உட்கார்ந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள். இந்தத் துறையை விட்டுப் போகிறவன் என்ற முறையில் எனக்கும் இது ஒரு பணி ஓய்வுதான். போவதற்கு முன் அந்த வரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அந்த வரி மலாயில் இருக்கிறது. தமிழில் இப்படி வரும்: 'மேற்கண்ட தடை, கட்டடத்தை மழையிலிருந்தும் சரிவிலிருந்தும் காக்கும் தற்காலிக வேலைகளுக்குப் பொருந்தாது, அவற்றை உடனே செய்வது உரிமையாளரின் கடமை.'

எழுதியது நசீர்.

நசீரும் நானும் ஒரே நாளில் மாவட்ட மன்றத்தில் சேர்ந்தோம். குளுவாங்கிலிருந்து முக்கால் மணி நேரம் உள்ளே தள்ளியிருக்கும் சின்ன ஊர். ரயில் நிலையத்துக்குப் பின் தெருவில் அவன் வாப்பாவின் சாப்பாட்டுக் கடை. ஊரில் பாதிப் பேர் அங்கேதான் காலையில் ரொட்டி சானாய் தின்று வளர்ந்தவர்கள். நான் பெக்கோக் பக்கம் தோட்டத்துப் பிள்ளை. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வரை பார்த்த முதல் ஆள் நான்தான். டிப்ளோமா வாங்கிய அன்று அந்தச் சான்றிதழை அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, மூன்று நாள் கழித்துத்தான் எடுக்க விட்டார்.

எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எழுதினால் எழுதினதுதான். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, பெயர் விழுந்தால் அந்த நாள் வேலை உண்டு, விழாவிட்டால் இல்லை. அப்பா எத்தனையோ நாள் வாயால் வாதாடித் தோற்று வந்ததைப் பார்த்திருக்கிறேன். எழுத்துதான் பெரிது என்பது எனக்குப் பாலோடு சேர்த்து ஊட்டப்பட்டது. அதனால் மன்றத்தில் நான் கோப்பு பார்த்தேன், சட்டம் படித்தேன், கமா இடம் மாறினாலும் திருத்தினேன்.

நசீர் எதையும் படித்ததாகத் தெரியாது. வாப்பா கடையின் ஆர்டர் சீட்டுக் கட்டு ஒன்று அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். களத்துக்குப் போனால் அதன் பின்பக்கத்தில்தான் குறிப்பு எடுப்பான். ஒரு பக்கம் தே தாரிக் டீ கணக்கு, மறுபக்கம் வடிகால் அகலம்.

ஆனால் எங்கே போனாலும் அவனைத்தான் கேட்டார்கள். எங்கள் பிரிவுத் தலைவி, நாங்கள் மரியாதையாகப் 'புவான்' என்று கூப்பிடுகிறவர், நான் வரைபடத்தோடு உள்ளே போனால் கண்ணாடியைக் கழற்றியபடி, "நசீர் வரலையா?" என்பார். சீனக் கடைக்காரர்கள் என்னிடம் உரிமத்தைக் காட்டிவிட்டு, அவன் வந்தால் கதை முழுவதையும் சொல்வார்கள். ஒரு முறை என் மோட்டார் சைக்கிள் கெட்டுப்போய் நசீர்தான் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான். அப்பா அவனோடு வாசலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார். குலை எப்படிப் பழுக்கும், எந்தப் பக்கம் வெட்ட வேண்டும், கம்பம் எவ்வளவு நீளம். என்னோடு அவர் மொத்தமாக அவ்வளவு பேசியிருப்பாரா என்று தெரியவில்லை. கடைசியில் அவனைத்தான் கேட்டார்: "அங்க இவன் என்னா வேலைய்யா செய்றான்? கேட்டா பைலுங்கறான்."

நசீர் சொன்னான்: "பெரிய வேலைப்பா. உங்க மவன் எழுதினா லாரி நிக்கும், ஊரே நிக்கும்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் எத்தனை வருடம் படித்தேன்! அதை இவன் ஒரு கோப்பை தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டான். நன்றி வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

இனி அந்த வரி எழுதப்பட்ட வெள்ளிக்கிழமை.

அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. எதையாவது மறைவாக இடிக்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை காலைதான் நல்ல நேரம் என்பது குத்தகைக்காரர்களுக்குத் தெரியும். மன்றத்தில் ஆள் இருக்காது. ரயில் நிலையத்துக்கு எதிரே ஒன்றோடொன்று ஒட்டிய நான்கு பழைய கடைவீடுகள் இருந்தன. முன்னால் வளைவு வளைவாக அஞ்சடி நடைபாதை, மேலே மரச் சன்னல், முகப்பில் சுதையால் செய்த பூச்சாடி. ஊரில் அவ்வளவு பழையது வேறு இல்லை. அவற்றைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பதா என்று மூன்று வாரத்தில் மன்றக் கூட்டம் முடிவு செய்ய இருந்தது. ஜொகூர் பாருவில் இருந்த உரிமையாளர் தவ்கேக்கு அங்கே ஹோட்டல் கட்ட ஆசை. பின்கட்டுச் சமையலறையை மட்டும் இடிக்க அவருக்கு அனுமதி இருந்தது. கூட்டத்துக்குள் இடிக்க எதுவும் மிச்சமில்லாமல் செய்துவிட்டால் பட்டியல் எதற்கு?

முதல் மூன்று கடைகள் காலி. நான்காவதில் ரோஸ்மேரி அக்கா தையல் கடை வைத்திருந்தார். பள்ளிச் சீருடைதான் அவர் பிழைப்பு. பள்ளியில் முதலாம் ஆண்டுக்கு நான் போட்டுப்போன வெள்ளைச் சட்டையும் நீலக் கால்சட்டையும் அவர் தைத்தவை. கூட்டம் முடியும் வரை அவரை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது. கட்டடம் நின்றால் அவர் பிழைப்பும் நிலைக்கும்.

காலை பத்து மணி இருக்கும். நசீர் போன் செய்தான். "மச்சான், எங்க கடையில உட்கார்ந்திருக்கேன். ஓடு உடையற சத்தம் கேக்குது. மூணாவது கடை."

புவானுக்கும் அவனே சொல்லிவிட்டான். அவர் கட்டளை தெளிவாக இருந்தது: நசீர் அங்கே நின்று எப்படியாவது வேலையைத் தாமதப்படுத்த வேண்டும், நான் உத்தரவை எழுதிக் கையெழுத்துக்கு அவர் வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும்.

நான் முதலில் அந்தத் தெருவுக்குப் போய்ப் படம் எடுத்தேன். மூன்றாவது கடையின் கூரையில் முக்கால்வாசி ஓடு இல்லை. ஆனால் வேலை நின்றிருந்தது. இடிப்பு வேலையின் மேஸ்திரி மண்டோர் குணாவும் அவர் ஆட்களும் அஞ்சடியில் வரிசையாக உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நசீர் தட்டோடு நடுவில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தான். லாரியை மறிக்கவும் இல்லை, சட்டம் பேசவும் இல்லை.

"நல்லா சாப்பிடுங்கண்ணே, வெயில் ஏறிடுச்சில்ல," என்று குணாவிடம் சொல்லிவிட்டு என்னை ஓரமாக இழுத்தான். "ஒரு மணி நேரம் பிடிச்சு வைப்பேன். எனக்கு ஜும்ஆவுக்குப் போகணும். பன்னெண்டரைக்குள்ள கொண்டாந்துரு." பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து என் கையில் திணித்தான். "இந்த ஒரு வரியச் சேத்துக்க. ஓட்ட எடுத்துட்டானுங்க. மழைக்காலம்டா."

அலுவலகத்தில் நான் மட்டும்தான். பழைய கடிதம் ஒன்றைப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். ஆறு வரி எழுதியபின் சீட்டை விரித்து அவன் வரியைப் படித்தேன். சுருக்கமாக, சரியாக இருந்தது. அந்த நொடி என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன்: இதைச் சேர்த்தால் இந்த உத்தரவும் அவனுடையதாகிவிடும்.

ஒரு காரணம் கண்டுபிடித்தேன். தடையில் விலக்கு வைத்தால் அது ஒரு ஓட்டை. மூடுகிறேன் என்று சொல்லிக் கூரையில் ஏறுவார்கள், மிச்ச ஓடுகளையும் எடுத்துவிடுவார்கள். இந்த மாதிரி நடப்பதுண்டு, நீங்களும் பார்ப்பீர்கள். நல்ல காரணம்தான். ஆனால் அது என் காரணம் இல்லை.

சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு ஏழாவது வரியை நானே எழுதினேன்: 'எந்த நபரும், எந்த நோக்கத்துக்காகவும், எந்த வேலையும் இந்தக் கட்டடத்தில் செய்யக் கூடாது.' மூன்று 'எந்த'. லாரி நிற்கும், ஊரே நிற்கும்.

புவான் வீட்டில் சமையலுக்கு நடுவே, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பேனாவை எடுத்தவர் கேட்டார்: "நசீர் பார்த்தானா இதை?"

"பார்த்துட்டான், புவான்."

கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டரைக்கு முன்பே நான்கு கடைகளின் தூணிலும் ஒட்டிவிட்டேன். நசீர் தொழுகைக்குக் கிளம்பும் அவசரத்தில் தூரத்திலிருந்தே கட்டை விரலைக் காட்டிவிட்டு ஓடினான். படித்துப் பார்க்கவில்லை. அவனுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. மண்டோர் குணா நிதானமாகப் படித்தார். லாரியின் பின்னால் ஒரு நீலத் தார்ப்பாய் மடித்து வைத்திருந்தது. அதை இறக்கி அஞ்சடியில் போட்டுவிட்டு ஆட்களோடு போய்விட்டார். நான் ஒட்டுவதை யாரோ படம் எடுத்து ஊர் முகநூல் பக்கத்தில் போட்டார்கள். மாலையில் அம்மா போனில் சொன்னார்: "அப்பா அந்தப் படத்த கோயில்ல எல்லார்கிட்டயும் காட்டுறாருடா."

அன்று ஒரு நாள் யாரும் என்னிடம் நசீர் வரலையா என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நசீர் ஜொகூர் பாருவுக்கு ஒரு வாரப் பயிற்சிக்குப் போனான். அன்று மதியமே மழை பிடித்தது. ஆண்டுக் கடைசி மழை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், நிற்க வேண்டும் என்ற எண்ணமே அதற்கு இருக்காது. செவ்வாய்க்கிழமை மதியம் ரோஸ்மேரி அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"தம்பி, செவுரு வேர்க்குது."

"எந்தச் சுவர்க்கா?"

"பக்கத்துக் கடைக்கும் எனக்கும் நடுவுல இருக்கே, அதான். கைய வச்சா சுண்ணாம்பு மாவு மாதிரி வருது. நசீர் தம்பி இல்லையா?"

நான் போனேன். மூன்றாவது கடைக்கும் அவர் கடைக்கும் ஒரே சுவர். பழைய செங்கல்லும் சுண்ணாம்பும். கூரையில்லாத பக்கம் மூன்று நாளாக மழையைக் குடித்திருந்தது. இந்தப் பக்கம் வேளாங்கண்ணி மாதா படத்தின் கீழ் ஈரம் ஒரு முழத்துக்குப் படர்ந்திருந்தது. வெட்டுமேசைமேல் பள்ளி திறப்புக்குத் தைத்த சீருடைகள் அடுக்கடுக்காக இருந்தன.

குணாவைப் போனில் கூப்பிட்டேன். வந்தார். அஞ்சடியில் தார்ப்பாய் போட்ட இடத்திலேயே கிடந்தது.

"அண்ணே, இதைக் கொஞ்சம் மேல போட்டு மூடிருங்க."

அவர் தூணில் ஒட்டியிருந்த என் தாளை விரலால் தட்டினார். "சார், படிச்சவரு நீங்க. நான் எஸ்டேட் ஸ்கூல்ல ஆறாவதோட நின்னவன். எனக்குப் படிச்சுக் காட்டுங்க. 'எந்த நோக்கத்துக்காகவும்' அப்படின்னா என்னா?"

"நான்தானே சொல்றேன், போடுங்கண்ணே."

"வாயால சொல்றீங்க. எழுத்துல வேற இருக்கே. நான் ஏறுனா நாளைக்கு எனக்குத்தான் சமன் வரும், அபராதம் கட்டணும். அன்னைக்கே போடலாம்னுதான் கென்வாஸ் கொண்டாந்தேன். உங்க எழுத்தப் பாத்துட்டுக் கீழ போட்டேன். தவ்கே சிரிக்கிறாரு சார். இடிக்கிற செலவு மிச்சம், மழையே பாத்துக்கும்கிறாரு."

எழுதினால் எழுதினதுதான். கிராணி நான்தான்.

இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள், தம்பி தங்கைகளே. வெள்ளிக்கிழமை செய்தது பொறாமையில் வந்த தவறு. செவ்வாய்க்கிழமை செய்தது அதைவிட மோசம். உத்தரவைத் திருத்த வேண்டும். திருத்த புவானின் கையெழுத்து வேண்டும். புவான் கேட்பார்: நசீர் பார்த்தான் என்றாயே? அதை நினைத்து நான் புவானிடம் போகவில்லை. மழை நாளைக்கு விட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"வெளியே போயிடுங்கக்கா, ரெண்டு நாளைக்கு," என்றேன்.

"மிஷின எங்க கொண்டு போறது? துணியெல்லாம் எங்க வைக்கிறது? புள்ளைங்க ஸ்கூல் திறக்குது. ரொம்ப ஆபத்தாப்பா?"

நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். ஆபத்து என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்குப் பதில் என் ஏழாவது வரி. "ஒன்னும் ஆகாதுக்கா," என்றேன்.

புதன்கிழமை காலை அவர் அனுப்பிய படத்தில் சுவர் வயிறு தள்ளியிருந்தது. நேராகப் புவான் அறைக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். சீட்டு, மூன்று 'எந்த', அப்பா, கோயிலில் காட்டிய படம். சொல்லச் சொல்ல அழுகையும் வந்தது. புவானுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர் நசீருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"நசீர், கூரையை மூட விலக்கு ஏன் இல்லை? நீ பார்த்தாய் என்று இவன் சொன்னானே?"

அவன் குரல் சாதாரணமாக வந்தது: "நான் சரியாப் பார்க்கலை, புவான். என் தப்பு. ஒரு வரி சேர்த்தாப் போதும், தினேஸ் அஞ்சு நிமிஷத்துல எழுதிடுவான். நீங்க கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

புவான் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "போய் எழுது."

படி இறங்கும்போதே என் போன் அடித்தது.

"டேய், நீ அங்க என்னடா பண்ணிக்கிட்டிருக்க? அழுவுறியா?"

"நசீர், நான்தான் அந்த வரியை..."

"தெரியும்டா. என் சீட்ட எங்க வச்சிருக்க? அத எடு, அப்படியே அடி. யார் தப்புன்னு உக்காந்து விசாரிச்சா புவான் பைல் தொறப்பாங்க, விளக்கம் கேப்பாங்க, ரெண்டு நாள் ஓடிடும். அலமாக், செவுரு உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளு. அக்காவ நான் பாத்துக்குறேன்." வைத்துவிட்டான்.

எனக்காகப் பொய் சொன்னான் என்று நினைத்திருந்தேன். இல்லை. அந்தச் சுவருக்காகச் சொன்னான். நான் ஒப்புக்கொள்ளும்போதும் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரமும் மழை பெய்துகொண்டிருந்தது.

சீட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடித்தேன். கையெழுத்து வாங்கி ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் நசீரின் வாப்பாவும் கடை ஆட்கள் நால்வரும் ரோஸ்மேரி அக்காவின் மிஷினைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு பின்னால் நடந்தார். நான் சொல்லி நகராதவர்.

"நசீர் தம்பி போன்ல சத்தம் போட்டுச்சு. உடனே கிளம்புங்கன்னு," என்றார்.

குணா புதுத் தாளைப் படித்தார். "இது எழுத்து," என்று சொல்லிவிட்டு ஆட்களை ஏணி போடச் சொன்னார். தார்ப்பாயின் ஒரு மூலையைக் கட்டியபோது உள்ளே ஒரு சத்தம். பெரிய சத்தம் கூட இல்லை, மூட்டையை இறக்கி வைத்தது போல. சுவரின் பின்பாதி அக்கா கடைக்குள் சரிந்தது. வெட்டுமேசை இருந்த இடம் செங்கல் குவியலாகக் கிடந்தது. மாதா படம் ஆணியில் அப்படியே தொங்கியது. மேசையிலிருந்து எடுக்க நேரமில்லாத சீருடைகள் அடியில் மாட்டிக்கொண்டன. அதில் ஒரு வெள்ளைச் சட்டையை நான் இழுத்து எடுத்தேன். செங்கல் நிறத்தில் இருந்தது.

குணா ஏணியில் நின்றபடியே சொன்னார்: "நேத்தே போட்டிருந்தா நின்னிருக்கும் சார்."

மீதிக் கூரையை மூடினார்கள். அதன்பின் எதுவும் விழவில்லை. மூன்று வாரம் தாங்கியது. கூட்டம் நான்கு கடைகளையும் பட்டியலில் சேர்த்தது. ரயிலில் வருகிறவர்கள் இப்போது இறங்கியதும் அந்தப் பூச்சாடிகளைத்தான் படம் எடுக்கிறார்கள். ஆனால் ரோஸ்மேரி அக்கா திரும்பி வரவில்லை. சுவரைக் கட்டி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை கடையில்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. குளுவாங்கில் மகள் வீட்டில், அடுக்குமாடியின் நாலாவது மாடியில் தைக்கிறார். சீருடைக்கு யார் அவ்வளவு படி ஏறுவார்கள்? அவர் கடையில் இப்போது காப்பிக் கடை. கட்டடத்தைக் காப்பாற்றினோம் என்று திறப்பு விழா மேடையில் சொன்னார்கள். யாருக்காகக் காப்பாற்ற நினைத்தோமோ அவர் மேடைக்கு எதிரே, ஊருக்கு வெளியே இருந்து வந்த விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். உண்மையை அவரிடம் நான் போய்ச் சொன்னேன். நாலு மாடி ஏறித்தான் சொன்னேன். கேட்டுவிட்டு மிஷினை நிறுத்தாமலே, "டீ குடிக்கிறியாப்பா?" என்றார். திட்டியிருக்கலாம்.

புவானுக்கு அந்தத் திருத்த உத்தரவு பிடித்துப்போனது. ஏழாவது வரியோடு அதைப் படிவமாக்கச் சொன்னார். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் பெயர் இருந்ததால் அப்படியே நின்றது. மற்ற மன்றங்கள் கேட்டு வாங்கின. அந்த வருடச் சிறந்த சேவைச் சான்றிதழும் எனக்கு வந்தது. நசீர்தான் அரங்கத்தில் எல்லாரையும் விடச் சத்தமாகக் கை தட்டினான். விசில் வேறு. அவன் என்னைக் குத்திக் காட்டுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே தட்டினான். அதற்கு முன் வந்த பொறாமையெல்லாம் அன்று வந்ததற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவன் நன்றாகப் பேசுகிறான் என்பது ஒரு மாதிரி எரியும். அவனுக்கு எரியவே இல்லை என்பது வேறு மாதிரி எரியும்.

அடுத்த வருடம் அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறான். என்னிடம் அந்த வரியைப் பற்றி ஒரு முறையும் கேட்டதில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நிறுத்தச் சொல்வது பாதி வேலை. நின்ற கட்டடம் நிற்கும் நேரத்தில் என்ன ஆகும் என்று யோசிப்பது மீதி. உங்கள் பக்கத்து மேசைக்காரர் ஒரு யோசனை சொல்லி, அதை மறுக்க உங்களுக்கு நல்ல காரணம் ஒன்று மிகச் சீக்கிரமாகக் கிடைத்தால், எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படியுங்கள். தவறு செய்துவிட்டால் முதலில் தார்ப்பாயைப் போடுங்கள். அழுவதற்குப் பிறகு நேரம் கிடைக்கும்.

நேற்று அந்தச் சீட்டைத் தேடி எடுத்துப் படம் பிடித்து நசீருக்கு அனுப்பினேன். குழுவில் வந்த பாராட்டுகளையும் அனுப்பி, "இதெல்லாம் உனக்கு வந்தது, இத்தனை வருஷம் நான் வச்சிருந்தேன்," என்று எழுதினேன். பாலத்து நெரிசலில் நின்றிருப்பான் போல, உடனே குரல் பதிவு வந்தது. சிரிப்புதான் முதலில்.

"டேய், அதத் திருப்பிப் பாருடா, முன்பக்கம் என்னா எழுதியிருக்கு?"

திருப்பினேன். ஆறு தே தாரிக், பால் இல்லாத கோப்பி ஓ ஒன்று, சீனி குறைவு.

"அந்தக் கோப்பி ஓ குணாண்ணனுக்கு. வேற யாருக்கும் தெரியாது, அவருக்கு இனிப்பு நீரு வியாதி. ரெண்டாவது தடவைக்கு எழுதின அந்தச் சீட்ட உன்கிட்ட குடுத்துட்டேனா, உள்ள ஏழும் தே தாரிக்குன்னு போட்டுட்டாங்க. அவரு அன்னைக்கு மரியாதைக்குக் குடிச்சுட்டாரு. இன்னைக்கும் பாத்தா திட்டுறாரு. நான் செஞ்ச தப்பு இது ஒன்னுதான் மச்சான், எழுதுறதுன்னா இதையும் சேத்து எழுது."

எழுதிவிட்டேன்.

படிவத்தையும் திருத்திவிட்டேன். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் ஒரு பெயருக்குத்தான் கோடு இருந்தது. என் பெயரை அழித்துவிட்டு அவன் பெயரைப் போட்டு, இந்தக் கட்டுரையோடு குழுவில் அனுப்புகிறேன். பழையதை அழித்துவிட்டு இனி இதையே பயன்படுத்துங்கள்.

அச்செடுத்து ஒரு முறை பார்த்தேன். அந்தக் கோட்டின்மேல் அவன் பெயர் என் பெயரைவிடப் பொருத்தமாக உட்கார்ந்திருந்தது. அதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வயிறு எரிய.